ஆகஸ்ட் மாணவர்களும் இருபத்து மூன்றாம் பக்கமும்

நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசையில் இருந்து வேலை பார்க்கும் பிள்ளை போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள். இந்த வருடமும் சட்டம் படிக்கும் மாணவர்கள் ஆறு பேர் விடுமுறைப் பயிற்சிக்கு வருகிறார்களாம். முதல் வாரம் அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது, உங்கள் காலத்தில் என்ன செய்தீர்கள், ஒரு பட்டியல் எழுதித் தாங்க மிஸ் என்றாள். சரி என்று சொல்லிவிட்டுக் கடதாசியும் பேனையுமாக உட்கார்ந்தேன். பட்டியல் நான்கு வரிக்கு மேல் போகவில்லை. அதற்குப் பதிலாக இதைத்தான் எழுத வந்தது.

நான் கண்டிக்குக் கிட்ட, கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிய லயத்தில் பிறந்தவள். அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை. உயர்தரம் முடித்ததும் தட்டச்சு படித்தேன், சிங்களப் பரீட்சையில் சித்தியடைந்திருந்ததால் மொழிபெயர்ப்பாளர் பரீட்சையும் எழுதினேன். கொழும்பில் ஆறு மாதம் பயிற்சி. அதில் இப்போது ஞாபகமிருப்பது விடுதிச் சாப்பாடும் வெக்கையும்தான். பிறகு கண்டியிலிருந்த அரசாங்கச் சட்ட அலுவலகத்துக்கு வந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கிருந்து நான் அசையவில்லை.

அந்த அலுவலகம் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய குற்றமொன்று நடந்தால் பொலிஸ் விசாரித்து, வாக்குமூலங்களையெல்லாம் ஒரு கோவையாகக் கட்டி எங்களுக்கு அனுப்பும். அதைப் படித்து, மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை போடுவதா, ஆளை விடுவிப்பதா என்று எங்கள் அரச சட்டத்தரணிகள் முடிவு செய்வார்கள். சந்தேகநபர் தமிழ் பேசுபவராக இருந்தால் கோவையிலுள்ள சிங்களத்தைத் தமிழாக்குவது என் பொறுப்பு. யன்னலோரத்தில் ஒரு தமிழ்த் தட்டச்சு இயந்திரம், ஒரு இரும்பு அலுமாரி, ஒரு கதிரை. என் ராச்சியம் அவ்வளவுதான்.

அலுவலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஹேரத் சேர். உயரமானவர், மெல்லப் பேசுபவர். கோபம் வந்தால் இன்னும் மெல்லப் பேசுவார். அப்போது அடுத்த மேசைகளில் இருக்கும் நாங்கள் தட்டச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்போம். கோவையை அவர் நின்றுகொண்டுதான் படிப்பார். உட்கார்ந்தால் சோம்பல் வந்து, இருப்பதை விட்டுவிட்டு இருக்க வேண்டியதைப் படித்துவிடுவேன் என்பார். தன் கருத்தை முதலில் பென்சிலால் ஓரத்தில் எழுதுவார். மூன்று நாள் கழித்து மறுபடி படித்து, மனம் மாறாவிட்டால்தான் மையால் எழுதுவார். மனம் மாறினாலும் பென்சிலை அழிக்க மாட்டார். ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்பார். கண்டி நகரக் கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் எழுத்துகளைத் தானாகவே கற்றிருந்தார். முதலாம் வகுப்புப் பிள்ளை போல எழுத்துக் கூட்டிப் படிப்பார். தமிழ்ப் பேச்சு அவருக்கு விளங்காது.

மாணவர்கள் வருவது ஆகஸ்டில், ஆறு வாரத்துக்கு. தலதா மாளிகையின் பெரஹரா ஊர்வலக் காலம். பாதிநாள் தெரு மூடியிருக்கும், பஸ் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, யானைகள் போன தெருவில் பார்த்துக் கால் வைத்து நடக்கப் பழக வேண்டும். அந்தச் சந்தடிக்குள் வெள்ளைச் சட்டையும் புதுச் சப்பாத்துமாக வந்து நிற்பார்கள். முதல் வாரம் அவர்கள் கையில் ஒரு கோவையும் போகாது. முன்மண்டபத்தில் ஒரு சின்ன மேசை போட்டிருக்கும். எதிரே சுவரோரமாக, வருகிறவர்கள் உட்கார இரண்டு நீள வாங்கு. வருகிறவர்களின் பெயர், ஊர், வந்த காரியம் மூன்றையும் பதிவேட்டில் எழுதி, எங்கே போக வேண்டும் என்று வழி சொல்ல வேண்டும். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்பது சேருடைய விதி. வழக்குப் போடுகிற பக்கம் நாங்கள். நடந்தது என்ன என்று மாணவர் ஒருவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டால், நாளைக்கு அவரே சாட்சிக் கூண்டில் ஏற வேண்டி வரலாம்.

இரண்டாம் வாரத்தில் கோவை கொடுப்போம். பழையதில் ஆரம்பித்து, பிறகு நடப்பிலுள்ளது. பக்க எண்களைச் சரி பார்த்து, நாடாவை அவிழ்த்த மாதிரியே திருப்பிக் கட்டி, ஒரு பக்கத்தில் சுருக்கம் எழுத வேண்டும். பிலிமத்தலாவையிலிருந்து வந்த ஒரு பையன் தன் முதல் சுருக்கத்தில் 'திருடன்' என்று எழுதியிருந்தான். சேர் ஒன்றும் சொல்லாமல் அந்தச் சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவன் எழுத்துப் பிழை என்று நினைத்து அதையே அழகாக எழுதிக்கொண்டு வந்தான். மறுபடி வட்டம். மூன்றாம் முறை பாவமாக என் மேசைக்கு வந்தான். "அவர் திருடினார் என்று யார் தீர்ப்புச் சொன்னது?" என்று கேட்டேன். அவன் முகம் மாறிய விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது. 'சந்தேகநபர்' என்று எழுதிக்கொண்டு போனான், வட்டம் நின்றது. இன்றைக்கு அவன் ஒரு நீதிபதி.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தியும் ஒரு வருடம் வந்தாள். தொலைபேசியில் ஆமாம் என்பதற்கு அவர்கள் ஊர் வழக்கில் "ஓம், ஓம், ஓம்" என்று பேசிக்கொண்டிருப்பாள். தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வாங்கில் வெகுநேரம் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, அந்தப் பிள்ளை பூசையை முடிக்கட்டும், பிறகு கேட்கிறேன் என்று என்னிடம் சொன்னார். அதை அவளிடம் சொன்னபோது அவளே அதிகமாகச் சிரித்தாள்.

இப்படிச் சிரித்ததே அதிகம். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆகஸ்டில் நடந்ததைத்தான் நான் கட்டாயம் எழுத வேண்டும்.

அந்த வருடம் வந்தவர்களில் ஃபரீதா என்று ஒரு பிள்ளை. கலகெதரவில் அவளுடைய வாப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. மூன்று மொழியும் கடையில் நின்றே பழகியவள்; சொன்னார் என்பதை மட்டும் அவர்கள் வீட்டு வழக்கில் 'சென்னார்' என்பாள். முதல் நாள் வாப்பாவின் பழைய தோல் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்குள் ஒரு கொப்பியும் சாப்பாட்டுப் பார்சலும் மட்டும்தான் இருந்தன. அவளை முன்மேசையில் உட்கார்த்தினோம்.

அந்தக் காலத்தில் வியாழக்கிழமை தோறும் ஒரு பெண் எங்கள் வாங்கில் வந்து இருப்பாள். பெயர் பாக்கியம். கலஹாவுக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவள். அவளுடைய கணவன் மாரிமுத்து கொலை முயற்சிக் குற்றச்சாட்டில் ஏழு மாதமாக, வழக்கே தொடங்காமல், கண்டிச் சிறையில் விளக்கமறியலில் இருந்தான். சிறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு நேரே இங்கே வருவாள். உன் புருஷனுடைய கடதாசி அந்த ஒபிசில்தான் இருக்கிறது என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அது உண்மையும்கூட. ஒவ்வொரு வியாழனும், இன்னும் முடிவாகவில்லை, திகதியைக் கோர்ட்டில் கேளுங்கள் என்று நான் சொல்வேன். சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு, பஸ் நேரம் வரைக்கும் வாங்கிலேயே இருந்துவிட்டுப் போவாள். ஏழு மாதத்தில் அவளிடம் நான் வேறொன்றும் கேட்டதில்லை. விதி அப்படி. அது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஃபரீதா முதல் வாரத்து வியாழக்கிழமை அவளுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தாள். நான் பார்த்தேன், தேத்தண்ணீர் கொடுப்பது குற்றமில்லையே என்று விட்டுவிட்டேன். அவர்கள் பேசியதை நான் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஃபரீதாவுக்குக் கொடுத்த கோவை மாரிமுத்துவுடையதாக இருந்தது. வேண்டுமென்று கொடுத்ததல்ல, அடுக்கில் மேலே இருந்தது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யலாம் என்று சேர் பென்சிலால் எழுதியும் விட்டிருந்தார். மைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

கோவையில் இருந்தது இதுதான். ஒரு பின்னேரம், பனிமூட்டம் இறங்கிய நேரத்தில், தோட்டத்து விறகுக் கொட்டகைக்குப் பின்னால் காவற்காரர் தோளிலே வெட்டுப்பட்டுக் கிடந்தார். உயிர் தப்பிவிட்டார், ஆனால் பின்னாலிருந்து வெட்டியதால் வெட்டிய ஆளை அவர் பார்க்கவில்லை. விறகு எடுப்பது பற்றி அவருக்கும் மாரிமுத்துவுக்கும் முந்தின வாரம் வாய்த்தகராறு. கொட்டகைப் பக்கமிருந்து மாரிமுத்து ஓடுவதை ஃபெக்டரி ஆள் ஒருவர் தூரத்திலிருந்து கண்டிருக்கிறார். மாரிமுத்துவின் வீட்டில் தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தி ஒன்று அகப்பட்டது. கவ்வாத்து வேலைக்குப் போகிறவன் வீட்டில் அது இல்லாமல் இருக்காது. இவற்றையெல்லாம் இறுக்கிக் கட்டுவது போல, இருபத்து மூன்றாம் பக்கத்தில் அவனுடைய சொந்த வாக்குமூலம். சிங்களத்தில் எழுதியது, கீழே அவனுடைய பெருவிரல் அடையாளம். அடுத்தாற்போல் என்னுடைய தமிழ்: 'அவர் விழுந்து கிடப்பதைக் கண்டேன். கத்தியை எடுத்துக்கொண்டு லயத்துப் பக்கம் ஓடினேன்.'

ஃபரீதா கோவையைத் திறந்தபடியே என் மேசைக்குக் கொண்டுவந்து வைத்து அந்த வரியில் விரலை வைத்தாள்.

"மிஸ், இது நீங்க எழுதினதா?"

ஆமாம் என்றேன். சிங்களத்தில் அப்படித்தான் இருக்கிறது, வேண்டுமானால் சொல்லுக்குச் சொல் பார்த்துக்கொள் என்று சற்று விறைப்பாகவே சொன்னேன். என் மொழிபெயர்ப்பில் பிழை இருக்கிறது என்று அதற்கு முன் ஒருவரும் சொன்னதில்லை.

"சிங்களம் சரி மிஸ். அவர் தமிழ்லதானே செல்லியிருப்பார். அவர் என்ன சொல்லை சென்னாரு?"

அது எப்படித் தெரியும் என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, பாக்கியம் தன்னிடம் சொன்னதை அவளுடைய வார்த்தையிலேயே சொன்னாள். "அன்னைக்கு அவரு கத்திக்கிட்டே ஓடியாந்தாரு மிஸ். லயம் பூரா கேட்டுச்சு."

எனக்கு முதலில் வந்தது கோபம். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாய், விதி தெரியாதா, போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்று அவளை அனுப்பினேன். அவள் போன பிறகு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, ஒபிசில் நான் ஒருநாளும் பேசாத எங்கள் தோட்டத்துப் பேச்சில், உதட்டுக்குள் அதைச் சொல்லிப் பார்த்தேன். "கத்திக்கிட்டே ஓடுனேன்." எங்கள் அப்பா அப்படித்தான் சொல்லியிருப்பார். நானும் பத்து வயதில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் காதில் அதில் எந்தச் சொல் பிடிபட்டிருக்கும்? 'கத்தி', 'ஓடுனேன்' இரண்டும்தான். நல்ல மனிதராகவே இருந்து, சரிபார்ப்பதற்காக "கத்தி, ஓடினது, சரியா?" என்று கேட்டிருந்தாலும், ஆமாங்க சார் என்றுதான் மாரிமுத்து சொல்லியிருப்பான். சொல்லிவிட்டுப் பெருவிரலையும் வைத்திருப்பான்.

அந்தத் தோட்டத்துக்கு மூன்று மைல் தள்ளிப் பிறந்தவள் நான். என் கைவழியாக அந்த வரி போனபோது எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. சிங்களத்தைத் தமிழாக்கினேனே தவிர, அந்தச் சிங்களத்துக்கு முன்னால் ஒரு தமிழ் இருந்திருக்கும் என்று நினைக்கவேயில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். இது ஊகம்தான் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். விஷயம் வெளியே வந்தால் அந்தப் பிள்ளையின் பயிற்சி அன்றோடு முடியலாம், என் பெயருக்கும் நல்லதில்லை. சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கவே மனம் வரவில்லை. ஃபரீதா திரும்பி வந்ததும் கோவையை எடுத்துக்கொண்டு, வா என்று கூட்டிப் போனேன்.

ஹேரத் சேர் நின்றுகொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்கு முன் ஃபரீதாவே சொல்லிவிட்டாள், மனைவியிடம் நான் கேட்டேன் சேர் என்று. அவர் கோவையை மூடி மேசையில் வைத்தார். பிறகு மிக மெல்லிய குரலில், அந்தப் பெண் கணவனைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருந்தால் என்ன செய்வாய், அவள் சொன்னது உண்மையாக இருந்து, நீதான் சொல்லிக் கொடுத்தாய் என்று நாளைக்கு எதிர்த்தரப்பு கேட்டால் அந்த உண்மைக்கு என்ன ஆகும் என்று கேட்டார். ஃபரீதாவின் கண் நிரம்பிவிட்டது. இனி அவள் அந்தக் கோவையைத் தொடக் கூடாது, அது பற்றி யாரோடும் பேசவும் கூடாது என்றார். நடந்ததைத் தன் கையால் ஒரு குறிப்பாக எழுதிக் கோவையில் சேர்த்தார். ஒன்றையும் மறைக்கவில்லை.

அதன் பிறகு என் பக்கம் திரும்பி, உங்கள் மொழிபெயர்ப்புப் பிழையா என்று கேட்டார்.

"இல்லை சேர். மொழிபெயர்ப்புச் சரி. ஆனால் அந்த மனுசன் சொன்னது அதுவாக இருக்காது."

ஒரு வெள்ளைக் கடதாசியை நீட்டி, இரண்டையும் எழுதிக் காட்டச் சொன்னார். பெரிய எழுத்தில் 'கத்தி' என்று எழுதினேன். கீழே 'கத்திக்கிட்டே' என்று எழுதினேன். ஒன்று கருவி, மற்றது கூச்சல் போட்டுக்கொண்டு என்று சிங்களத்தில் விளக்கினேன். அவர் விரல் வைத்து எழுத்துக் கூட்டினார். க, த், தி. மறுபடியும் க, த், தி. நீங்கள் எப்படிப் பிரித்து அறிகிறீர்கள் என்று கேட்டார். பின்னால் வருவதைக் கேட்டுத்தான் என்றேன்.

அவர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னதை நான் அப்படியே தருகிறேன். "பொலிசில் சொன்னதை நான் இவருக்கு எதிரான சாட்சியமாக வைக்கவே முடியாது. சட்டம் அது. ஆனால் இந்தக் கோவையில் நான் முதலில் படித்தது இந்தப் பக்கத்தைத்தான். மிச்சமெல்லாம் இதன் வெளிச்சத்தில் படித்தது."

தன் பென்சில் குறிப்பின்மேல் ஒரு கோடு கிழித்துச் சுருக்கொப்பம் வைத்தார். இந்தத் தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருள் வர இடமுண்டு என்று ஒரே பக்கத்தில், அலங்காரமில்லாமல் எழுதி, கையெழுத்திட்டுக் கொண்டுவரச் சொன்னார். நான் நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றிலும், இதை நான் முன்பே கவனித்திருக்க முடியாது என்று எங்காவது ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்துகொண்டது. நான்காவதில் அதை எடுத்தேன்.

கோவை பொலிசுக்குத் திரும்பிப் போயிற்று. சத்தியப்பிரமாணம் செய்த உரைபெயர்ப்பாளரை வைத்து மாரிமுத்துவிடம் புதிதாக வாக்குமூலம் எடுக்க வேண்டும், லயத்து ஆட்கள் அன்று கண்டதும் கேட்டதும் என்ன என்று விசாரிக்க வேண்டும் என்று சேர் இரண்டு வரியில் எழுதினார். என்ன கேட்டிருப்பார்கள் என்று ஒரு வார்த்தைகூடக் கடிதத்தில் கோடி காட்டவில்லை. இறுதிப் பெரஹரா வாரம் அது. தெருக்கள் மூடுவதற்குள் தபாலில் சேர்க்க வேண்டுமென்று பியோனை நம்பாமல் நானே கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் போட்டேன்.

பிறகு காத்திருந்தோம். பாக்கியம் வியாழக்கிழமைகளில் வந்தாள். நான் பழையபடி, இன்னும் முடிவாகவில்லை என்றுதான் சொன்னேன். அந்த நாட்களில் அதைச் சொல்வதற்கு எனக்குப் பெரும்பாடாக இருந்தது. ஃபரீதா பின்னறையில் பழைய கோவைகளுக்குப் பக்க எண் போட்டுக்கொண்டிருந்தாள். வாங்கு இருக்கும் பக்கமே அவள் வரவில்லை.

ஆறாவது வாரத்தின் கடைசி நாள் பதில் வந்தது. லயத்தில் ஐந்து பேர் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள். மாரிமுத்து வெறுங்கையோடு, காவற்காரரை யாரோ வெட்டிப் போட்டுவிட்டார்கள், ஓடி வாங்க என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் கொதிக்கும் சோற்றுப்பானையைக் கைநழுவ விட்டதாக ஒரு அம்மா சொல்லியிருந்தார். அவருடைய காலில் தழும்பு இருப்பதையும் பொலிஸ்காரர் பார்த்து எழுதியிருந்தார். ஏன் இத்தனை நாளும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, எங்களிடம் யாரும் கேட்கவில்லையே என்று ஐந்து பேரும் ஒரே மாதிரிச் சொல்லியிருந்தார்கள். வெட்டியது யார் என்பது பிறகு வேறொரு கோவையாக வந்தது. அந்தக் கதைக்கு இங்கே இடமில்லை.

சேர் அதை இரண்டு முறை நின்றபடி படித்தார். மூன்று நாள் காத்திருக்கவில்லை. ஆளை விடுவிக்கலாம் என்று எழுத நேரே பேனையை எடுத்தார்; அப்படி நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

ஃபரீதாவின் சான்றிதழையும் அன்றைக்கே எழுதினார். நான்தான் தட்டச்சு செய்தேன். 'கவனமாகக் கேட்பவர். ஒருமுறை அலுவலக விதியை மீறினார், கேட்டபோது அதை மறைக்கவில்லை. அடுத்த வருடமும் வரலாம்.' இதைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது மிஸ் என்று அவள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கேட்டாள். அடுத்த வருடம் வந்தாள். அதற்குள் சேர் ஒரு புதிய நடைமுறையைக் கொண்டுவந்திருந்தார். தமிழ் பேசுபவரின் வாக்குமூலம் சிங்களத்தில் மட்டும் இருந்தால், அவர் சொன்ன தமிழ் பதிவில் இல்லை என்று மொழிபெயர்ப்பின் மேலே நான் குறிப்பெழுதிக் கையெழுத்திட வேண்டும். ஓய்வு பெறும் நாள்வரை எழுதினேன்.

மாரிமுத்துவை நீதிமன்றம் விடுவித்து இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, இருவருமாக வந்தார்கள். அவனை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். குட்டையான ஆள், சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. பாக்கியம் வீட்டுத் தோட்டத்துப் போஞ்சிக்காய் ஒரு பை கொண்டுவந்திருந்தாள். அரசாங்க ஒபிசில் எதுவும் வாங்கக் கூடாது என்று சொல்லி அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் எழுந்தபோது எனக்கு மனம் கேட்கவில்லை. இருங்க என்று சொல்லி, பொலிஸ் எழுதின அந்த வரியைத் தமிழில் எழுதினது நான்தான் என்று சொன்னேன். விளங்கப்படுத்தவும் செய்தேன். கத்தினது எப்படிக் கத்தியாகியது என்று.

அவன் கோபப்படவில்லை. "அத நான் பாக்கலாங்களா?" என்று மட்டும் கேட்டான்.

கோவையைக் காட்ட முடியாது. என் மேசை லாச்சியில் மொழிபெயர்ப்பின் கார்பன் பிரதி இருந்தது. அதையும் காட்டக் கூடாதுதான். எடுத்து மேசைமேல் விரித்து அந்தச் சொல்லின் கீழ் என் விரலை வைத்தேன். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. குனிந்து, முகத்தைக் கடதாசிக்குக் கிட்டக் கொண்டுவந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்தான். பாக்கியமும் அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இதுங்களா?"

ஆமாம் என்றேன்.

அவன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல வந்தது.

"அன்னைக்கு நான் போட்ட சத்தத்துக்கு, இத்தினியூண்டாவா எழுதி வச்சிருக்காங்க?"

பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபோது என் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. கலஹா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர்கள் கிளம்பினார்கள். படியில் இறங்கும்போதும் அவன் எதையோ சொல்வதும் அவள் சிரிப்பதும் கேட்டது.